பின் சக்கரத்தைக் கழற்றியபோது மிஞ்சிய இரும்புத் துண்டு

கேள்வி: வணக்கம் அண்ணா. என் பைக்கின் பின் சக்கரத்தை முதல்முறையாக நானே கழற்றினேன். புது டயர் போட்டு, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பைத் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டியும் விட்டேன். எல்லாம் முடிந்து தரையைக் கூட்டும்போது ஓர் இரும்புத் துண்டு கிடந்தது. சின்னக் குழாய் மாதிரி இருக்கிறது. காலேஜ் லேபில் வெர்னியரில் அளந்தேன். மொத்த நீளம் 22 மி.மீ., நடுவில் 15 மி.மீ. துளை. 14 மி.மீ. நீளத்துக்கு 20 மி.மீ. விட்டம், மீதி 8 மி.மீ. கொஞ்சம் தடிமனாக 24 மி.மீ. விட்டம். இரண்டு முனைகளும் பளபளவென்று இருக்கின்றன, பக்கமெல்லாம் பழைய கிரீஸ். சக்கரத்தின் நடுவே போகும் ஆக்ஸில் தண்டின் நட்டை இறுக்கினால் சக்கரம் கனமாகச் சுற்றுகிறது, கொஞ்சம் லூஸ் செய்தால் சரியாகிவிடுகிறது. "மிச்சம் வந்ததுதானே, நட்டை லேசாக வைத்து ஓட்டு" என்கிறான் நண்பன். இன்னும் ஓட்டவில்லை. பின்னால் டிரம் பிரேக். இது என்ன பாகம்? எங்கே போகும்?

பதில்: வணக்கம் தம்பி. இன்னும் ஓட்டவில்லை என்ற வரியைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் போய் வருவதற்குக்கூட வண்டியை எடுக்காதீர்கள். நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பின் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பதே அந்த ஒரு நட்டுதான். அதை லூஸாக வைத்து ஓட்டினால் செயின் இழுக்கிற இழுப்பில் சக்கரம் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும், செயின் கழன்று விழலாம், நட்டே கழன்றும் போகலாம்.

நீங்கள் அளந்து அனுப்பிய விதம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. படம் மட்டும் அனுப்பியிருந்தால் நாலைந்து பாகங்களின் பெயரைச் சொல்லி, அதில் ஒன்றாக இருக்கலாம் என்றுதான் எழுதியிருப்பேன். உங்கள் அளவுகளைப் பார்த்தால் அது ஸ்ப்ராக்கெட் கேரியரின் உள் புஷ். பார்ட்ஸ் கேட்டலாக்கில் காலர் என்றோ ஸ்பேசர் என்றோ போட்டிருப்பார்கள், பட்டறையில் புஷ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பின் சக்கரத்தின் செயின் பக்கத்தைப் பாருங்கள். பல்லுள்ள ஸ்ப்ராக்கெட் நேராக ஹப்பில் போல்ட் போட்டு நிற்கவில்லை. தனியாக ஒரு கனமான அலுமினிய வட்டில் மாட்டியிருக்கிறது. அந்த வட்டுதான் கேரியர். அதன் பின்பக்கத்தில் உள்ள புடைப்புகள் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களுக்கு நடுவில் போய் உட்காரும். ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதும் கியர் மாற்றும்போதும் செயினில் வருகிற வெட்டு நேராகச் சக்கரத்துக்குப் போகாமல் அந்த ரப்பர்கள் வாங்கிக்கொள்ளும். இதற்காகத்தான் கேரியரை ஹப்பிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். தனியாக இருப்பதால் கேரியருக்கென்று சொந்தமாக ஒரு பேரிங்கும் உண்டு. பேரிங் என்பது ஓர் உள்வளையம், ஒரு வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் குண்டுகள், அவ்வளவுதான்.

அந்த பேரிங்குக்குள் போகும் புஷ்தான் உங்கள் கையில் இருப்பது. டயர் மாற்றும்போது சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்திருப்பீர்கள், கேரியர் ரப்பரிலிருந்து நழுவி வந்திருக்கும். இந்தப் புஷ் அடித்து இறக்கியது அல்ல, கையால் தள்ளினாலே போய்விடும். அதனால் கேரியரைத் தூக்கும்போது சத்தமில்லாமல் உருண்டுவிடும். ஸ்ப்ராக்கெட்டைத் தொடவேயில்லையே, இது எப்படி வந்தது என்று குழம்புகிறவர்கள் நிறைய. காரணம் இதுதான்.

இதுதான் என்று எப்படி அடித்துச் சொல்கிறேன்? பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் நம்பரில் கடைசி இரண்டு இலக்கங்கள் அதன் துளையைச் சொல்லும். 04, அதற்கு மேல் என்றால் 5 ஆல் பெருக்க வேண்டும், 04 என்றால் 20 மி.மீ., 05 என்றால் 25. அதற்குக் கீழே உள்ளதை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. இப்போது 6204 என்ற பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். துளை 20, வெளி விட்டம் 47, அகலம் 14. உங்கள் புஷ்ஷின் ஒல்லிப் பகுதி 20 மி.மீ. விட்டம், 14 மி.மீ. நீளம். அந்த பேரிங்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. உள்துளை 15 என்பதால் உங்கள் ஆக்ஸில் 15 மி.மீ. இருக்க வேண்டும், சக்கரத்தின் இரண்டு பேரிங்குகளும் 02 என்று முடிய வேண்டும். கழற்றும்போது மூன்று பேரிங்குகளின் நம்பரையும் துடைத்துப் பாருங்கள். நான் சொன்னபடி இருந்தால் இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

பாகத்தின் உடம்பில் உள்ள தடயங்களும் அதையே சொல்கின்றன. சக்கரத்துக்கு வெளியே, ஸ்விங் ஆர்மை (பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்கும் கைகள்) ஒட்டி நிற்கும் காலரும் இதே மாதிரி குட்டைக் குழாய்தான். ஆனால் அதன் மேல் கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தின் உதடு உரசிக்கொண்டே இருக்கும். நாளடைவில் அந்த இடத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு பளபளப்பான கோடு விழும், நகத்தை வைத்து இழுத்தால் லேசான பள்ளம்கூடத் தட்டுப்படும். அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் கிரீஸ், மறுபக்கம் மண்ணும் துருவும் இருக்கும். வெளியே தெரிகிற பாகம் என்பதால் முலாமும் பூசியிருப்பார்கள். உங்களுடையதில் பக்கவாட்டில் கோடோ துருவோ இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை, சுற்றிலும் கிரீஸ், முனைகள் மட்டும் பளபளப்பு. வெளிக்காற்றே படாமல் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே இறுக்கமாக நின்ற பாகத்துக்குத்தான் இந்த முகம் வரும்.

சக்கரத்தின் நடுவே இரண்டு பேரிங்குகளுக்கும் இடையில் ஒரு நீளக் குழாய் இருக்கிறதே, அதுவாக இருக்குமோ என்று கேட்காதீர்கள். அது ஏறக்குறைய ஹப்பின் அகலத்துக்கே இருக்கும், பேரிங்கைத் தட்டி எடுக்காமல் வெளியே வராது. இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டிரம் பிரேக் வண்டியில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குட்டி உருளையும் அடிக்கடி உருண்டோடும். அதில் துளை நீளவாக்கில் போகாமல் குறுக்கே போகும். அது பிரேக் கம்பியின் முனையில், பிரேக் ஆர்முக்குள் உட்காரும் பின், சக்கரத்துக்குள் போகும் பாகமே அல்ல.

சரி, இந்த 22 மி.மீ. துண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஆக்ஸில் என்பது ஒரு நூல் என்றால், அதில் வரிசையாகக் கோர்த்த மணிகள்தான் மற்றதெல்லாம். செயின் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். ஸ்விங் ஆர்ம், வெளிக் காலர், கேரியர் பேரிங்கின் உள்வளையம், அதற்குள்ளும் அதைத் தாண்டியும் நிற்கிற உங்கள் புஷ், சக்கர பேரிங்கின் உள்வளையம், நடுக்குழாய், மறுபக்க பேரிங்கின் உள்வளையம், பிரேக் ஷூக்கள் மாட்டியிருக்கும் பிரேக் பிளேட், காலர், மறுபடி ஸ்விங் ஆர்ம். நட்டை இறுக்கும்போது இவை எல்லாம் ஒன்றையொன்று தொட்டு, நடுவில் இடைவெளியே இல்லாத ஒரே இரும்புத் தூணாகிவிட வேண்டும். அழுத்தம் முழுவதும் அந்தத் தூண் வழியாகவே போகும், பேரிங் குண்டுகளுக்கு அது தெரியவே தெரியாது. இந்த ஏற்பாடு சரியாக இருந்தால் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் இலகுவாகவே சுற்றும்.

அந்த அழுத்தம் கொஞ்சநஞ்சம் அல்ல. 14 மி.மீ. மரை உள்ள ஆக்ஸில் நட்டை 60 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால், பக்கவாட்டில் தோராயமாக 2 டன் எடைக்குச் சமமான அமுக்கம் உண்டாகும். சக்கரத்தில் போடும் 6302 மாதிரி பேரிங் ஒன்று அசையாமல் நிற்கும்போது தாங்கக்கூடிய சுமை அரை டன்னுக்குக் கொஞ்சம்தான் அதிகம், அதுவும் மேலிருந்து கீழாக வருகிற சுமை. இந்த ஒரு மணி விட்டுப்போனதும் தூண் அறுந்துவிடுகிறது. வெளிக் காலர் கேரியர் பேரிங்கின் உள்வளையத்தை உள்ளே தள்ளுகிறது. அதற்குப் பின்னால் முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. உள்வளையம் குண்டுகளைத் தள்ள, குண்டுகள் வெளிவளையத்தைத் தள்ள, கேரியர் மொத்தமாகப் போய் ஹப்பில் அமுங்கி நிற்கிறது. நட்டை இறுக்கியதும் உங்கள் சக்கரம் கனத்தது இதனால்தான். லூஸ் செய்தால் அமுக்கம் விடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, ஆனால் 20 மி.மீ. துளைக்குள் 15 மி.மீ. ஆக்ஸில் நிற்கிறது. சுற்றிலும் 2.5 மி.மீ. வெற்றிடம். கேரியரைத் தாங்க ஆளில்லை, வெறும் ரப்பரில் தொங்குகிறது. நட்டை லூஸாக வைத்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தடதடவென்று ஆடும்.

ஒருமுறை என்னிடம் ஒரு வண்டி வந்தது. வேறொரு பட்டறையில் டயர் மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. செயின் பக்கம் முனகுகிற மாதிரி ஒரு சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் கூடும். கழற்றினேன். கேரியர் பேரிங்கில் குண்டுகளைப் பிரித்து வைத்திருக்கும் கூடு நொறுங்கி, குண்டுகள் எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தன. சூட்டில் உள்வளையம் நீலம் பாய்ந்திருந்தது. கிரீஸ் இருந்த இடத்தில் செம்மண் தூள் மாதிரி காய்ந்த பொடி. வெளிவளையம் சுற்றிச் சுற்றி கேரியரின் குழியையே தேய்த்துவிட்டதால் புது பேரிங் அதில் லொடலொடவென்று ஆடியது, கேரியரையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வண்டியிலும் இல்லாமல் போனது இதே புஷ்தான். ஓனர் வீட்டுக்குப் போய் டூல் பாக்ஸிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். டயர் மாற்றியவர்கள் "இது எக்ஸ்ட்ரா" என்று கையில் கொடுத்திருக்கிறார்கள், அவரும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். பேரிங் இன்னும் கொஞ்சம் மோசமாகி ஓடும்போது இறுகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அந்த வண்டிதான்.

இனி வேலைக்கு வருவோம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு சக்கரத்தை மறுபடி கழற்றுங்கள். இந்த முறை கேரியரை ஹப்பிலிருந்து வேண்டுமென்றே உருவி எடுங்கள். வரவில்லை என்றால் ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து இடமும் வலமும் லேசாகத் திருகிக்கொண்டே இழுத்தால் ரப்பர் விட்டுக்கொடுக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்ப வேண்டாம், அலுமினியம் சிதைந்துவிடும். சில வண்டிகளில் இந்த அமைப்பே வேறு மாதிரி இருக்கும், ஸ்ப்ராக்கெட்டும் கேரியரும் தனி நட்டு போட்டு ஸ்விங் ஆர்மிலேயே நிற்க, சக்கரம் மட்டும் கழன்று வரும். நீங்கள் அளவு சொன்ன புஷ் அந்த வகைக்குரியது அல்ல என்றுதான் நினைக்கிறேன், கழற்றியதும் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் பேரிங்கைச் சோதியுங்கள். புஷ் இல்லாமல் நட்டை இறுக்கியதால் குண்டுகள் ஓடும் பாதையில் குழி விழுந்திருக்க வாய்ப்புண்டு. கேரியர் பேரிங்கின் உள்வளையத்துக்குள் சுட்டுவிரலை விட்டு, கொஞ்சம் அழுத்திக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். வெண்ணெயில் சுற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். சொரசொரவென்று இருந்தாலோ, ஒவ்வொரு இடத்தில் நின்று நின்று நகர்ந்தாலோ தயங்காமல் மாற்றிவிடுங்கள். சந்தேகமாக இருந்தாலும் மாற்றிவிடுவதுதான் என் பழக்கம், இன்னொரு முறை இவ்வளவையும் கழற்றுகிற பாட்டுக்கு புது பேரிங் பெரிய விஷயமே இல்லை. புது பேரிங்கை இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டும் அடிபட வேண்டும். அதே அளவுள்ள பழைய பேரிங்கையோ சாக்கெட்டையோ மேலே வைத்துத் தட்டலாம். உள்வளையத்தில் அடித்தால் புதுசும் அங்கேயே கெட்டுவிடும். சக்கரத்தின் இரண்டு பேரிங்குகளையும் இதே மாதிரி விரல் விட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் புஷ். மெல்லிய பூச்சாக கிரீஸ் தடவி, கேரியரின் உள்பக்கமாக, அதாவது ஹப்பைப் பார்த்திருக்கும் பக்கமாக, ஒல்லி முனையை பேரிங்குக்குள் விடுங்கள். கட்டைவிரலால் தள்ளினாலே போக வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ பிசிறு இருக்கிறது, அல்லது திசை தப்பு. முழுக்கப் போனதும் தடிமனான பகுதி பேரிங்கின் உள்வளையத்தில் முட்டி நிற்கும், மறுபக்கம் ஒல்லி முனை பேரிங்கோடு சமமாக வந்து நிற்கும். 14க்கு 14 பொருந்துவது இங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தடிமனான முனையின் தட்டை முகத்தைத் துடைத்துவிட்டு மார்க்கர் மையைப் பூசுங்கள். ஈரம் காய்வதற்குள் கேரியரை ஹப்பில் வைத்து நன்றாக அமுக்கி, மறுபடி பிரித்துப் பாருங்கள். எதிரே உள்ள சக்கர பேரிங்கின் உள்வளையத்தில் ஒரு வட்டமாக மை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவே இல்லை என்றால் ரப்பர்கள் கேரியரை முழுக்க உள்ளே விடவில்லை, ரப்பர் எதுவும் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பார்த்து முடித்ததும் மையைத் துடைத்துவிடுங்கள்.

சக்கரத்தை ஏற்றும்போது டிரம் பிரேக் வண்டிக்கு இன்னொரு கவனம் வேண்டும், இதைத் தனியாக அழுத்திச் சொல்கிறேன். பிரேக் பிளேட்டையும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கும் பட்டைக் கம்பியை மாட்டி, அதன் போல்ட்டையும் பின்னையும் சரியாகப் போட்டீர்களா? சில வண்டிகளில் கம்பிக்குப் பதிலாக ஸ்விங் ஆர்மில் ஒரு புடைப்பு இருக்கும், பிளேட்டில் உள்ள காடி அதில் போய் உட்கார வேண்டும். இது விட்டுப்போனால் பிரேக் பிடித்த நொடியில் பிளேட் முழுவதும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றப் பார்க்கும், சக்கரம் இறுகிக்கொள்ளும். புஷ் விட்டுப்போவது நாள்பட்ட தொல்லை, இது அந்த நொடியே ஆளைக் கீழே தள்ளிவிடும்.

நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். நட்டுக்குக் குறுக்கே ஸ்பிலிட் பின் போடும் வகை என்றால் பழைய பின்னை மறுபடி மடக்காதீர்கள், புதுசு போடுங்கள். செயினின் தொய்வு சாலை வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 35 மி.மீ.க்குள் வரும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது கையேட்டிலோ ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் நிற்கட்டும்.

இப்போது சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். நட்டு முழு இறுக்கத்தில் இருக்கும்போதே தடையில்லாமல் சுற்ற வேண்டும். ஸ்ப்ராக்கெட்டை ஆட்டினால் பக்கவாட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. இன்னும் கனமாகத்தான் சுற்றுகிறது என்றால் பிரேக் ஷூ உரசுகிறதா என்று பார்க்க, பிரேக் அட்ஜஸ்ட்மென்ட்டை முழுக்க லூஸ் செய்து மறுபடி சுற்றிப் பாருங்கள். அப்போதும் கனம் என்றால் காலர்கள் பக்கம் மாறியிருக்கலாம். இரண்டு பக்கக் காலர்களும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் பல வண்டிகளில் நீளம் வேறு. உங்கள் வண்டியின் பார்ட்ஸ் கேட்டலாக்கில் பின் சக்கரத்தைப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண், எத்தனை என்ற கணக்கு எல்லாம் அதில் உண்டு. அதை முன்னால் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

அடுத்த முறை கழற்றும்போது, ஆக்ஸிலை உருவிய கையோடு ஒவ்வொரு காலரையும் வாஷரையும் வந்த வரிசையிலேயே, எந்தப் பக்கம் வெளியே பார்த்ததோ அதே பக்கமாக, அந்த ஆக்ஸிலிலேயே மறுபடி கோர்த்து வைத்துவிடுங்கள். போட்டோ எடுத்தாலும் பிறகு தேடிக்கொண்டிருக்க வேண்டும், ஆக்ஸில் கண் முன்னாலேயே கிடக்கும். சக்கரத்தைப் படுக்க வைக்கும்போது செயின் பக்கம் மேலே இருக்கட்டும், கேரியர் விழாது.

எல்லாம் முடிந்ததும் முதலில் நாலைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். பிரேக் பக்கம் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும், அங்கே தொட வேண்டாம். வண்டியை ஆஃப் செய்து, சக்கரம் முழுக்க நின்ற பிறகு, கேரியரின் நடுப்பகுதியில் கைவிரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் பேரிங் போய்விட்டது, மறுபடி கழற்ற வேண்டியதுதான். வெதுவெதுப்பு, அல்லது அதுவும் இல்லை என்றால் புஷ் தன் இடத்தில் நிற்கிறது. ஒரு 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆக்ஸில் நட்டின் இறுக்கத்தையும் செயின் தொய்வையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள். கேரியர் பேரிங்கின் நம்பர் 04 என்று முடியாமல் வேறு ஏதாவது இருந்தால் அந்த எண்ணையும் வெளிக் காலர்கள் இரண்டின் நீளத்தையும் அளந்து எனக்கு எழுதுங்கள், மாட்டுவதற்கு முன்பே.